அந்த முகத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஷிரின் நெஷாத்தின் படங்களைப் பற்றி

கேள்வி: ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்தேன். கறுப்புத் துணி போர்த்திய பெண், துப்பாக்கி, முகமெல்லாம் எழுத்து. இவர் பர்தாவை எதிர்க்கிறாரா, ஆதரிக்கிறாரா? அடையாளம், விடுதலை என்றெல்லாம் இவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அது படத்தில் எங்கே இருக்கிறது?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கான விடையும் அதற்குள்தான் கிடக்கிறது. நீங்கள் தேடுவது அந்த எழுத்தில் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் வாசிக்க வராத அந்த எழுத்தில்.

தமிழ் தெரியாத ஒருவர் முன்னால் நம் எழுத்தைக் காட்டினால் அவர் கண்ணுக்குச் சுழியும் வளைவும்தான் தெரியும். அழகாக இருக்கிறதே என்பார். அது வசையா வாழ்த்தா என்று அவருக்குத் தெரியாது. நெஷாத்தின் படங்களுக்கு மேற்கு நாடுகளின் காட்சிக்கூடங்களில் நடந்ததும் இதேதான். பலர் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். இன்னும் பலர், அரபு எழுத்து வடிவம் என்றாலே வேதவசனம் என்று முடிவு கட்டி, குர்ஆன் வரிகளைத்தான் எழுதியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். அவை பாரசீக மொழிக் கவிதைகள். இருபதாம் நூற்றாண்டுப் பெண் கவிஞர்கள் எழுதியவை.

அதோடு ஒரு சின்னத் திருத்தம். எழுத்து அந்தப் பெண்ணின் தோலில் எழுதப்பட்டது அல்ல. படம் பிடித்து, அச்சிட்டு, அந்தத் தாளின்மேல் மையால் கையால் எழுதியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் தெரியும்: மூக்கின் மேட்டுக்கும் கன்னத்தின் குழிக்கும் ஏற்ப எழுத்து வளைவதில்லை, மெல்லிய திரைபோலப் படத்தின்மேல் படிந்திருக்கும். இது தொழில்நுட்பச் சமாச்சாரம் மட்டும் இல்லை. பார்க்கிற நமக்கும் பார்க்கப்படுகிற பெண்ணுக்கும் நடுவில் ஒரு மொழி நிற்கிறது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது கதவு, தெரியாதவனுக்குச் சுவர்.

சரி, யாருடைய கவிதைகள்? பெரும்பாலும் இருவருடையவை. ஒருவர் ஃபோரூக் ஃபரோக்ஸாத். ஆசையையும் உடலையும் ஒளிக்காமல் எழுதியவர். மணமுறிவில் பெற்ற மகனைப் பிரிந்தவர். 1967இல் கார் விபத்தில் 32 வயதில் இறந்துபோனார். மன்னராட்சியை வீழ்த்திய 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் அவர் நூல்கள் தடைக்கும் தணிக்கைக்கும் உள்ளாயின. இன்னொருவர் தாஹிரே ஸஃபார்ஸாதே. அமெரிக்காவில் அயோவா வரை போய் எழுத்துப் பயிற்சி பெற்று வந்தவர், பிறகு அந்தப் புரட்சியின் பக்கம் உறுதியாக நின்றவர், குர்ஆனை மொழிபெயர்த்தவர். வெளிநாட்டுப் படிப்பு படித்தவர் மதத்துக்கு எதிராகத்தான் திரும்புவார் என்று நாம் வைத்திருக்கும் கணக்கு இங்கே பொய்க்கிறது.

இந்த இருவரும் ஒரே வரிசைப் படங்களில் இடம்பெறுகிறார்கள். வரிசையின் பெயர் ‘அல்லாஹ்வின் பெண்கள்’, 1993 முதல் 1997 வரை செய்தது. அதில் ஒரு கண் மட்டும் உள்ள படம் ஒன்று உண்டு. கருவிழியைச் சுற்றி வெண்படலத்தில் வட்டம் வட்டமாக ஃபரோக்ஸாத்தின் வரிகள். யாரும் கவனிக்காமல் வாடிச் சாகிற ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பற்றிய கவிதை அது. இன்னொரு படத்தில் இரண்டு பாதங்கள் நம்மை நோக்கி நீட்டியிருக்கின்றன, நடுவே துப்பாக்கிக் குழல் எட்டிப் பார்க்கிறது. உள்ளங்கால்களில் ஸஃபார்ஸாதேயின் கவிதை. படத்தின் தலைப்பும் அதிலிருந்து வந்ததே: ‘விழிப்புக்கு விசுவாசம்’. ஒரு படம் இழப்பைப் பாடுகிறது, மற்றொன்று தியாகியின் பக்கம் நின்று பேசுகிறது. வாசிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒரே படம்: கறுப்பு வெள்ளை, எழுத்து, மர்மம்.

எதிர்ப்பா ஆதரவா என்ற கேள்வி ஏன் இவரிடம் செல்லாது என்பது இங்கே தெரிந்துவிடும். முக்காடு போட்ட ஈரானியப் பெண் என்று ஒரே ஆள் கிடையாது என்பதுதான் அந்த வரிசை சொல்வது.

இதற்கு ஈரானின் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சாதோர் என்பது தலைமுதல் கால்வரை போர்த்தும் துணி. 1936இல் மன்னர் ரேஸா ஷா அதைத் தடை செய்தார். நவீனமாக வேண்டும் என்று காவலர்கள் தெருவில் பெண்களின் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அவமானத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்துவிட்ட பெண்கள் உண்டு. பிறகு 1978இல் அவர் மகனான ஷாவுக்கு எதிராகப் போராட்டம் மூண்டபோது, அதுவரை சாதோர் போடாத நகரத்துப் படித்த பெண்கள் சிலரும் எதிர்ப்பின் அடையாளமாக அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே புதிய அரசு முக்காட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தது. 1979 மார்ச் 8 மகளிர் தினத்தன்று தெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். சில ஆண்டுகளில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. ஒரே துணிதான். ஒரு தலைமுறைக்கு அதைக் கழற்றச் சொன்னது வன்முறை, அடுத்த தலைமுறைக்கு அதைப் போடச் சொன்னது வன்முறை, நடுவில் சில மாதங்கள் அதுவே கலகக் கொடி. இவ்வளவையும் சுமக்கிற துணியைக் காட்டி ஆதரவா எதிர்ப்பா என்று ஒரு கலைஞரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? எழுதிக் காட்டுவார்.

நெஷாத் இதையெல்லாம் நேரில் பார்க்கவில்லை என்பதும் முக்கியம். 1957இல் கஸ்வீன் நகரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், மேற்கத்திய வாழ்க்கை மேல் மோகம் உள்ளவர். தெஹ்ரானில் கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் படித்து, 1975இல் பதின்வயது முடிவதற்குள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் கலை படித்துக்கொண்டிருந்தபோது ஊரில் புரட்சி வந்தது, அடுத்து ஈராக்குடன் எட்டு வருடப் போர். திரும்பப் போக முடியவில்லை. 1990இல்தான் போனார். தான் விட்டுவந்த நாடு அங்கே இல்லை. தெருவெங்கும் கறுப்பு, சுவர்களில் தியாகிகளின் முகங்கள். பயமும் ஒரு விதமான ஈர்ப்பும் சேர்ந்தே அவரைப் பிடித்துக்கொண்டன. அதற்கு முன் பத்தாண்டு அவர் கலை என்று சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. நியூயார்க்கில் அப்போதைய கணவரோடு ஒரு சிறு காட்சிக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். பெர்க்லி காலத்துப் படைப்புகளை அழித்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். முப்பத்தைந்து வயதுக்குமேல் தொடங்கியவர். இளம் வயதிலேயே பெயர் வாங்கிவிட வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

பல படங்களில் இருப்பது அவரே. வேறொருவர் கேமராவை இயக்க, இவர் சாதோரைப் போர்த்திக்கொண்டு முன்னால் நிற்கிறார். ‘கலக மௌனம்’ என்ற புகழ்பெற்ற படத்தில் துப்பாக்கிக் குழல் முகத்தை நேர்கோடாக இரண்டாகப் பிளக்கிறது. கண்கள் நம்மையே பார்க்கின்றன. அந்தப் படத்தை அடக்குமுறை என்று ஒருவரும் பயங்கரவாதம் என்று இன்னொருவரும் தலைப்பிட்டு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் தெரிவது வேறு. தான் எந்தப் பெண்ணாக ஆகியிருக்கக்கூடும் என்று ஒருத்தி உடை மாற்றிப் பார்க்கிறாள். அமெரிக்காவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தத் துப்பாக்கியை நானும் தூக்கியிருப்பேனோ?

குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. ஊரில் இல்லாதவர் ஊர்ப் பெண்களைப் பற்றிப் பேசலாமா? முக்காடு, துப்பாக்கி, புரியாத எழுத்து என்று மேற்கத்தியர் கீழை நாடுகளைப் பற்றி ஏற்கெனவே வைத்திருக்கும் கற்பனைக்குத் தீனி போடுகிறாரா? முதல் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தள்ளி நின்றவருக்கு மட்டும் தெரிகிற விஷயங்களும் உண்டு. இரண்டாவது கேள்வி கனமானது. மொழிபெயர்ப்பு பக்கத்தில் இல்லாமல் அந்தப் படங்களை மாட்டும்போது எழுத்து வெறும் அலங்காரமாகிவிடுகிறது, அதில் கலைஞருக்கும் பங்கு இருக்கிறது. அவரே சில ஆண்டுகளில் அந்த வரிசையை நிறுத்திவிட்டு வீடியோவுக்குப் போனார். என் கணிப்பில் அங்கேதான் அவர் பெரிய கலைஞரானார்.

‘கொந்தளிப்பு’, 1998. பத்து நிமிடம்கூட ஓடாது. கறுப்பு வெள்ளை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திரைகள், நடுவில் நீங்கள். ஒரு திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஆண் பாடுகிறான். அவன் பின்னால் அரங்கு நிறைய ஆண்கள், எல்லோரும் வெள்ளைச் சட்டை. பாடுவது பழைய பாரசீகப் பெருங்கவிஞர் ரூமியின் காதல் கவிதை, குரல் ஈரானின் பெரும்பாடகர் ஷஹ்ராம் நாஸேரியுடையது. எதிர்த்திரையில் கறுப்பு உடையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவள் முன்னால் இருக்கும் இருக்கைகள் காலி. இவன் பாடி முடிக்கிறான், கைதட்டல், தலைகுனிந்து வணங்குகிறான். அப்போது எதிர்ச்சுவரிலிருந்து ஒரு ஒலி கிளம்புகிறது.

அதைப் பாட்டு என்று சொல்வதா? சொல் இல்லை. முனகல், மூச்சு, கேவல், பறவைக் கூச்சல், அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். பாடியவர் சூசன் தெய்ஹிம், இவரும் ஈரானை விட்டு வெளியேறியவர். அதுவரை அசையாமல் இருந்த கேமரா இப்போது அவளைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. எதிர்த்திரையில் அந்த ஆண் வாயடைத்து நிற்கிறான். அவன் பின்னால் இருப்பவர்களும் அப்படியே. நீங்கள் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. யாரைப் பார்ப்பது என்று ஒவ்வொரு நொடியும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈரானில் புரட்சிக்குப் பிறகு ஆண்கள் இருக்கும் பொது அரங்கில் பெண் தனியாகப் பாட அனுமதி இல்லை. பெண்கள் மட்டும் கூடும் சபையில் பாடலாம், குழுவோடு சேர்ந்து பாடலாம். இத்தனைக்கும் 1924இலேயே கமர் என்ற பாடகி தெஹ்ரானின் கிராண்ட் ஹோட்டலில் முக்காடு இல்லாமல் மேடையேறிப் பாடிய நாடு அது. நெஷாத் இந்தத் தடையைக் காட்டி அழ வைக்கவில்லை. ஆணுக்கு எல்லாம் இருக்கிறது: சபை, மரபு, பெருங்கவிஞனின் சொல், இவ்வளவுதான் பாட வேண்டும் என்ற ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குள் அவன் அழகாகவே பாடுகிறான். அவனைக் கேலி செய்யவில்லை, அது படத்தின் பெருந்தன்மை. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. மொழிகூட இல்லை. அதனாலேயே அவள் எங்கு வேண்டுமானாலும் போகிறாள். நீங்கள் கேட்ட விடுதலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன், ஆனால் இனிப்பாக இல்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் கிடைத்த விடுதலை அது. அதைக் கொண்டாடுவதா, அதற்காக வருந்துவதா என்று எத்தனை முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இஸ்தான்புல் தெருவில் காசுக்குப் பாடிக்கொண்டிருந்த பார்வையற்ற ஒரு பெண்ணைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை வந்தது என்று நெஷாத் சொல்லியிருக்கிறார். தன்னைக் கேட்பவர்களை அந்தப் பெண் பார்க்க முடியாது. அந்த விதை இங்கே எப்படி முளைத்திருக்கிறது பாருங்கள். இந்த வீடியோவுக்காக 1999 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

அதே ஆண்டு ‘பரவசம்’ வந்தது. மொராக்கோவின் எஸ்ஸவீராவில் எடுத்தது. ஆண்கள் கோட்டைக்குள், பெண்கள் பாலைவெளியில். ஆண்கள் கோட்டைக்குள்ளேயே வேலை மெனக்கெட்டு ஏதேதோ செய்துகொண்டிருக்கிறார்கள். பெண்கள் நடந்து கடற்கரைக்கு வந்து ஒரு படகைத் தள்ளுகிறார்கள், சிலர் ஏறிப் போய்விடுகிறார்கள். எங்கே போகிறார்கள், சாகப் போகிறார்களா, தப்பிக்கப் போகிறார்களா? படம் சொல்லாது. மூன்றாவதாக வந்த ‘வேட்கை’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, விட்டுவிடலாம்.

மொராக்கோ என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெஷாத் கடைசியாக ஈரானுக்குப் போனது 1996இல். அதன் பிறகு போக முடியவில்லை. ஆகவே அவர் படங்களில் வரும் ஈரான் எல்லாமே வேறு நாட்டு மண்தான். மொராக்கோவின் கோட்டை, துருக்கியின் மார்தின் நகரம், மெக்ஸிகோவின் ஒஆஹாகா மலைச்சரிவு. இருக்கிற ஊர்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து இல்லாத ஊரைத் தைக்கிறார். அடையாளம் என்று நீங்கள் கேட்டதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. புலம்பெயர்ந்தவரின் அடையாளம் கையோடு கொண்டுவந்த பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். நெஷாத்துக்கு அது ஒவ்வொரு முறையும் வாடகை இடத்தில் போட்டுக் கலைக்க வேண்டிய செட்.

அந்தத் தையலில் மிக நன்றாக வந்தது ‘ஆண்களற்ற பெண்கள்’ என்ற முழுநீளப் படம். 2009இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச் சிங்கம் பெற்றது. ஷஹ்ர்நூஷ் பார்ஸிபூரின் நாவலை வைத்து எடுத்தது. அந்த எழுத்தாளர் ஈரானில் சிறைக்குப் போய்வந்தவர். படத்தில் ஒரு விலைமாதர் விடுதியின் தலைவியாகச் சின்ன வேடத்தில் வருவதும் அவர்தான்! கதை நடப்பது 1953 ஆகஸ்டில். தேர்தல் வழி ஆட்சிக்கு வந்து எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொஸாதேக்கை அமெரிக்க சி.ஐ.ஏ.வும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்த நாட்கள் அவை. வெளியே நாடு தன் சுதந்திரத்தை இழக்கிறது, உள்ளே நான்கு பெண்கள் ஒரு தோட்டத்தைத் தேடிப் போகிறார்கள். அதில் ஒருத்தி, விடுதியிலிருந்து ஓடிவந்தவள், பொதுக் குளியலறையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவைக்கும் காட்சி ஒன்று உண்டு. மனத்திடம் இல்லாதவர்கள் கவனமாகப் பாருங்கள். மறுபடியும் தோட்டம் வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? கருவிழியைச் சுற்றி எழுதிய அந்தக் கவிதையின் தோட்டம் இவரை விடவே இல்லை.

பிற்காலப் பணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 தேர்தல் முடிவை எதிர்த்து ஈரானில் எழுந்த பசுமை இயக்கத்தையும் அரபு நாடுகளின் எழுச்சியையும் பார்த்தபின், ஃபிர்தௌஸி பாடிய ஷாநாமா என்ற பழைய பாரசீக மன்னர் காவியத்தை அடிப்படையாகக் கொண்டு இளைஞர்களின் முகங்களை வரிசையாக எடுத்தார். பெண் மட்டுமே அவர் பொருள் என்பவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும். 2023இல் ‘சினம்’ என்ற வீடியோ. சிறையில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் வெளிநாட்டுத் தெருவில் அந்த நினைவுகளோடு அலைவது. அதில் செய்தி முன்னால் வந்து நின்றுகொள்கிறது, பழைய மௌனம் இல்லை. ஆனால் அதைப் படம்பிடித்தது 2022இன் நடுவில். அந்த செப்டம்பர் 16ஆம் தேதிதான், முக்காட்டைச் சரியாகப் போடவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மஹ்ஸா அமினி காவலில் இறந்தார். பெண்கள் தெருவில் முக்காட்டைக் கொளுத்தினார்கள், முடியை வெட்டி எறிந்தார்கள். ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்ற குர்திய முழக்கம் உலகமெங்கும் போனது. நெஷாத்தின் படங்கள் அந்த முழக்கத்தோடு லண்டன் பிக்கடில்லி சர்க்கஸின் ராட்சதத் திரையில் ஓடின. 1990களில் எந்தப் பக்கம் என்று கேட்கப்பட்ட படங்களிடம் 2022இல் யாரும் அதைக் கேட்கவில்லை. படம் மாறவில்லை, சுற்றியிருந்த தெரு மாறியிருந்தது.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், ‘கொந்தளிப்பு’ வீடியோவிலிருந்து. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள், தலையைத் திருப்ப வேண்டிய அவஸ்தை போய்விடும். பரவாயில்லை, ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். அதை முடித்த கையோடு இன்னொரு காணொளியையும் தேடுங்கள். அது கலைப்படைப்பு கிடையாது, நிஜம். 2024 டிசம்பரில் பரஸ்தூ அஹ்மதி என்ற இளம்பாடகி ஈரானுக்குள்ளேயே பழைய வணிகர் சத்திரம் ஒன்றின் முற்றத்தில் நின்று பாடினார். முக்காடு இல்லை, தோள் தெரியும் கறுப்பு உடை, கூட நான்கு ஆண் வாத்தியக்காரர்கள். யூடியூபில் நேரலையாகப் போட்டார். அடுத்த சில நாட்களில் கைது செய்து, பிறகு விட்டார்கள். முற்றத்தில் விளக்குகள் இருக்கின்றன, கம்பளம் விரித்திருக்கிறார்கள், எதிரே கேட்பதற்கு ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் வரும் அந்த அமைதியைக் கேளுங்கள்.